சைடு மிரருக்குச் சூடு எதற்கு? ஊட்டி உறைபனியும் சாமளாபுரத்துப் பனியும்

கார் டேஷ்போர்டில் ஒரு பொத்தான் இருக்கும். ஒரு செவ்வகம், அதன் மேல் மேல்நோக்கி நெளியும் மூன்று அம்புக்குறிகள். பின் கண்ணாடியில் படியும் ஈரத்தைப் போக்கும் டீஃபாகர் பொத்தான் அது. சில கார்களில் இதே பொத்தானை அழுத்தினால் இரண்டு சைடு மிரர்களும் சேர்ந்து சூடாகும். தன் காரில் இந்த வசதி இருப்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். தெரிந்தவர்களும் "நம்மூர் வெயிலுக்கு மிரருக்கு எதுக்குங்க ஹீட்டரு?" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நியாயமான கேள்விதான். சுருக்கமான பதில் இது: இந்த ஹீட்டர் உறைபனி விழும் நாடுகளுக்காகச் செய்யப்பட்டது. அந்த வேலையை வெகு சீக்கிரம் முடித்துவிடும். நம் பக்கத்துப் பனித்துளியையும் போக்கும், ஆனால் மெதுவாக. தூறலுக்கு ஓரளவு உதவும். அடைமழையில் தோற்றுவிடும். இதற்கெல்லாம் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அது தெரிந்தால் எப்போது பொத்தானை நம்பலாம், எப்போது துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.

ஒரு சின்ன ஏற்பாடு. தமிழில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி. குழப்பம் வராமல் இருக்க, இந்தக் கட்டுரையில் பின்னால் வருவதைக் காட்டுவதை 'மிரர்' என்றும், ஊடே பார்ப்பதைக் 'கண்ணாடி' என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

பனி என்று ஒரே சொல்

காலையில் புல் மேல் இருப்பதும் பனி. ரோட்டை மறைப்பதும் பனி. ஊட்டியில் வெள்ளையாய்ப் படிவதும் பனி. பேச்சில் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் பனித்துளி, மூடுபனி, உறைபனி. மிரரைப் பொறுத்தவரை இவை மூன்றும் மூன்று வெவ்வேறு பிரச்சினைகள்.

முதலில் பனித்துளி. 'பனி பெய்கிறது' என்கிறோம், ஆனால் பனித்துளி மேலிருந்து பெய்வதில்லை. பக்கத்தில் இருக்கும் காற்றிலிருந்தே வருகிறது. காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு நீராவியை வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம். 10 டிகிரியில் 9 கிராமுக்குக் கொஞ்சம் மேல். 0 டிகிரியில் 5 கிராம்கூட இல்லை. காற்று குளிரக் குளிர ஒரு கட்டத்தில் 'இனி தாங்காது' என்ற நிலை வரும். அந்த வெப்பநிலையைத்தான் பனிநிலை என்கிறோம். காற்று முழுவதும் அந்த அளவுக்குக் குளிர வேண்டியதில்லை. ஒரு பொருளின் மேற்பரப்பு பனிநிலைக்குக் கீழே போனாலே போதும், அதன் மேல் ஈரம் படியும்.

சாமளாபுரத்துக்குப் பக்கத்திலேயே நொய்யல் ஓடுகிறது, ஊரையொட்டிக் குளம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிறைந்து, மார்கழியில் வானம் வெளுத்து, காற்றும் அடங்கினால் பனிக்கு வேண்டிய எல்லாம் தயார். விடியற்காலையில் காற்று 19 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பனிநிலை 17 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வரும். வெட்டவெளியில் நிற்கும் காரின் மேற்பரப்பு ராத்திரி முழுக்கத் தன் சூட்டை வானத்தை நோக்கி வீசிக்கொண்டே இருக்கிறது. அதனால் அது சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்துவிடும். அதாவது பனிநிலையைத் தாண்டிக் கீழே போய்விடும். அவ்வளவுதான், மிரர் முழுக்க வியர்த்த மாதிரி துளிகள்.

இது உண்மைதானா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். காரைப் பாதி ஷெட்டுக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் நிறுத்திப் பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதி நனைந்திருக்கும், கூரைக்குக் கீழே இருக்கும் பாதி பெரும்பாலும் காய்ந்திருக்கும். கூரை பனியைத் தடுத்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் கூரை தடுத்தது மேலே போகும் சூட்டை. வேப்பமரத்தடியில் நிறுத்திய வண்டியில் பனி குறைவாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

இரண்டாவது மூடுபனி. இங்கே காற்றே பனிநிலைக்குக் குளிர்ந்து, நீராவி நுண்ணிய துளிகளாகி மிதந்துகொண்டிருக்கிறது. மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர் ஏறும்போது சந்திப்பது பெரும்பாலும் மலையில் உரசிக்கொண்டு போகும் மேகமேதான். வண்டி ஓட ஓட அந்தத் துளிகள் மிரரில் வந்து சேரும்.

மூன்றாவது உறைபனி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இது வழக்கம். தலைகுந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாகிக் கிடக்கும் படங்கள் வருஷா வருஷம் பேப்பரில் வரும். காற்றின் வெப்பநிலை 1, 2 டிகிரி என்று செய்தியில் போட்டிருப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் எப்படி உறைந்தது என்று கேள்வி வரும். பதில் சாமளாபுரத்துப் பதில்தான். புல்லும் கார் கூரையும் மிரரும் வானத்துக்குச் சூட்டை இழந்து காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. காற்று 2 டிகிரியில் இருக்கும்போது அவை பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். படியும் ஈரம் பனிக்கட்டியாகவே படிகிறது.

மிரருக்குள் என்ன இருக்கிறது

மிரரின் முன்பக்கம் மெல்லிய கண்ணாடி, அதன் மேல் பிரதிபலிக்கும் உலோகப் பூச்சு. ஹீட்டர் உள்ள மிரரில் பின்பக்கம் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். தாளில் மின்சாரம் பாயும் தடங்கள் கோலம் போட்டதுபோல் வளைந்து வளைந்து போகும். இரண்டு ஒயர்கள், இரண்டு முனைகள். 12 வோல்ட்டில் ஓர் ஆம்பியருக்கு மேல் கொஞ்சம் இழுக்கும். ஒரு மிரருக்கு ஏறக்குறைய 15 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். அயர்ன் பாக்ஸ் 750 வாட், 1,000 வாட் என்று இருக்கும்போது இது ரொம்பச் சின்னச் சூடு. தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், கை சுடாது.

சில வகைத் தாள்களில் சூடு ஏற ஏறத் தடை தானாகக் கூடி, மின்சாரம் தானாகக் குறையும் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அதனால் தனியாகச் சென்சார் இல்லாமலே ஒரு அளவுக்கு மேல் சூடாகாது. பெரும்பாலான கார்களில் டைமரும் உண்டு. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும். இன்ஜின் ஓடும்போது மட்டுமே வேலை செய்யும்படி வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும்.

கொஞ்சம் கணக்கு

மிரர் 18 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 216 சதுர செ.மீ. அதன் மேல் சராசரியாக 0.05 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஈரம் படிந்திருக்கிறது. மொத்தம் சுமார் 1 கிராம் தண்ணீர். ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவுதான் நம் பார்வையை மறைக்கிறது.

இந்த 1 கிராம் ஊட்டியில் உறைபனியாக இருந்தால், அதை உருக்க 334 ஜூல் வேண்டும். சாமளாபுரத்தில் பனித்துளியாக இருந்தால் உருக்குவதற்கு ஒன்றுமில்லை, ஆவியாக்கத்தான் வேண்டும். அதற்குச் சுமார் 2,450 ஜூல். ஏழு மடங்குக்கும் மேல்!

இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. குளிர் நாட்டுக்காரன் இந்த ஹீட்டரிடம் கேட்பது "கட்டியை உருக்கு, மீதியை நான் துடைத்துக்கொள்கிறேன்" என்று. நாம் கேட்பது "தண்ணியையே இல்லாமல் பண்ணு" என்று. அதே 15 வாட், ஏழு மடங்கு வேலை.

நேரத்தையும் பார்த்துவிடலாம். மிரரின் கண்ணாடியும் சூடாக வேண்டும். 2 மி.மீ. தடிமன் என்றால் கண்ணாடியின் எடை 100 கிராமுக்குச் சற்று மேல். ஒரு டிகிரி ஏற்றச் சுமார் 90 ஜூல். ஊட்டியில் மைனஸ் 2-லிருந்து பிளஸ் 2-க்கு ஏற்ற 360 ஜூல், உருக்க 334 ஜூல், ஆக 700 ஜூலுக்குள். 15 வாட் என்பது விநாடிக்கு 15 ஜூல். ஒரு நிமிஷத்துக்குள் முடிய வேண்டிய வேலை. பாதிச் சூடு காற்றில் போனாலும் இரண்டு நிமிஷத்தில் கட்டி வழுக்கி இறங்கும்.

சாமளாபுரத்தில் கண்ணாடியைப் பத்து டிகிரி ஏற்ற 900 ஜூல், ஆவியாக்க 2,450 ஜூல், ஆக 3,350 ஜூல். ஒரு துளி சூடும் வீணாகாவிட்டால் நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாதி வீணானால் ஏழெட்டு நிமிஷம். டைமரைப் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு வைத்திருப்பதன் நியாயம் இப்போது புரியும். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு "இது வேலை செய்யல" என்று அணைத்துவிடுகிறவர்கள் ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்பதும் புரியும்.

பனித்துளி விஷயத்தில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. ஒருமுறை காய்ந்த பிறகு மறுபடி படியாமல் இருக்க மிரர் பனிநிலையைவிட இரண்டு மூன்று டிகிரி மேலே இருந்தாலே போதும். அதற்கு 15 வாட் தாராளம். வெயில் ஏறிவிட்டால் அதுகூட வேண்டாம்.

மழையில் ஏன் தோற்கிறது

இப்போது ஐப்பசி மழைக்கு வருவோம். மிரர் பின்னோக்கி இருக்கிறது, முன்னால் கூடு மறைக்கிறது. அதனால் விழும் மழையில் பத்தில் ஒரு பங்குதான் மிரரைத் தொடுகிறது என்று ஒரு அனுமானம் வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 மி.மீ. வேகத்தில் பெய்தால் மிரருக்கு மணிக்கு 0.5 மி.மீ., அதாவது சுமார் 11 கிராம் தண்ணீர். அதை ஆவியாக்கிக்கொண்டே இருக்க 7 வாட்டுக்கு மேல் வேண்டும். பாதிச் சூடு காற்றில் போகிறது என்றால் நம்மிடம் மிச்சம் இருப்பதே அந்த 7 வாட்தான். ஆக மட்டுக்கு மட்டு. மழை மணிக்கு 20 மி.மீ. ஆகிவிட்டால் 29 வாட் தேவை. ஹீட்டர் நாலில் ஒரு பங்கு வேலையைத்தான் செய்ய முடியும். ஆடி மாசத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றோடு வரும் சாரலைச் சமாளிக்கும். ஐப்பசி அடைமழையைச் சமாளிக்காது.

அதிலும் மிரர் இருக்கும் இடம் அப்படி. வண்டி ஓடும்போது மிரர்க் கூட்டுக்குப் பின்னால் காற்று நேராகப் போவதில்லை, சுழல்கிறது. ஓடும் ஆற்றில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று நிற்குமே, அதுபோல. முன் கண்ணாடியில் விழும் துளியைக் காற்று அடித்துக்கொண்டு போகும், வைப்பரும் இருக்கிறது. மிரரில் விழுந்த துளி அந்தச் சுழலுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்குக் கூட்டின் விளிம்பில் வழியும் தண்ணீரையும் அந்தச் சுழல் உள்ளே இழுத்துவிடும்.

இதற்கு வேறொரு வழியும் உண்டு. தண்ணீர் பார்வையை மறைப்பதில்லை, துளி வடிவம்தான் மறைக்கிறது. ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ். பின்னால் வரும் ஒரு ஹெட்லைட்டை நூறு ஹெட்லைட்டாகக் காட்டும். அதே தண்ணீர் ஒரே படலமாகப் பரவினால் பிம்பம் கலங்காது. லாரி டிரைவர்கள் மழையில் முன் கண்ணாடியில் புகையிலைத் தூளைத் தேய்ப்பதும், சிலர் ஷாம்பூ, உருளைக்கிழங்கு என்று தேய்ப்பதும் இதற்காகத்தான். துளியை உடைத்துப் படலமாக்குகிறார்கள். ஒரு மழை தாங்கும், பிறகு கழுவிக்கொண்டு போய்விடும்.

இதையே நிரந்தரமாகச் செய்யும் ஒரு பூச்சைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய பரப்பில் புற ஊதா ஒளி பட்டால் தண்ணீர் துளியாக நிற்காமல் பரவிவிடுகிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா ஃபுஜிஷிமா அந்தக் குழுவில் ஒருவர். பிறகு இது சைடு மிரருக்கும் வந்தது. ஜப்பானில் சில கார்களில் இந்தப் பூச்சு, ஹீட்டர் இரண்டும் சேர்ந்தே இருக்கும். மழைக்குப் பூச்சு, பனிக்குச் சூடு என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். யோசித்தால் நம் மழைக்கும் அதுதான் பொருந்தும்.

ஏன் இடது மிரர்

இவ்வளவு கணக்கும் எதற்கு என்றால், இடது மிரருக்காக.

நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம். வலது மிரர் நனைந்தால் ஜன்னலை இறக்கி, கையை நீட்டித் துடைத்துவிடலாம். இடது மிரர் எட்டாது. வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, சுற்றிப் போக வேண்டும். யாரும் போவதில்லை. அதனால் மோசமான காலையில் பெரும்பாலான கார்கள் இடது பக்கம் கண் இல்லாமல்தான் ஓடுகின்றன.

நம் ரோட்டில் இடது பக்கம்தான் நெரிசல். சோமனூர், கருமத்தம்பட்டி ரோட்டையோ மங்கலம், திருப்பூர் ரோட்டையோ காலையில் பாருங்கள். ஷிஃப்டுக்குப் போகிற டூவீலர்கள், ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி வேன்கள், நூல் மூட்டையும் பாவு பீமும் ஏற்றிய டெம்போக்கள், பால் கேனோடு போகும் மொபெட். டூவீலர்காரருக்குக் கார் எந்தப் பக்கம் இடம் விட்டதோ அதுதான் வழி. பெரும்பாலும் அது இடது பக்கம். கார் தறிக் குடோன் சந்துக்குள் இடது பக்கம் திரும்பும் அந்த இரண்டு விநாடியில், இடது மிரரில் தெரிய வேண்டியவர் ஹெல்மெட் கண்ணாடியும் பனியில் மங்கிப்போய் வருகிற ஓர் ஆள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மிரரின் கதையே இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. கார் ஓட்டும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டால் பின்னால் வருவதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று டோரதி லெவிட் 1909-இல் தன் புத்தகத்தில் எழுதினார். 1911-இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் மற்ற ஓட்டுநர்கள் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. ரே ஹாரூன் மட்டும் தனியாக வந்தார். ஆட்சேபம் கிளம்பியபோது அவர் காரில் மிரர் பொருத்தப்பட்டது. பந்தயத்தையும் அவரே ஜெயித்தார்.

அந்த மெக்கானிக் நமக்குப் புதியவர் அல்ல. லாரியில் இடது பக்கம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, கதவைத் தட்டி 'வரலாம், வரலாம்' சொல்லும் கிளீனர்தான் அவர். காரில் கிளீனர் இல்லை. இடது மிரர்தான் கிளீனர். அது பனியில் மூடிக்கிடந்தால் கிளீனர் தூங்குகிறார் என்று அர்த்தம்.

மிரருக்கு முன்னால் இன்னொரு கண்ணாடி

ஹீட்டர் போட்டாயிற்று, மிரர் காய்ந்துவிட்டது. ஆனாலும் தெரியவில்லையா? மிரருக்கும் கண்ணுக்கும் நடுவில் ஜன்னல் கண்ணாடி இருக்கிறது. மிரர் ஹீட்டர் அதைத் தொடாது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

ஜன்னல் மங்கலாக இருந்தால் உள்பக்கம் விரலால் ஒரு கோடு போடுங்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் ஈரம் உள்ளே. தெரியாவிட்டால் வெளியே. இரண்டுக்கும் மருந்து நேர் எதிர்.

உள்ளே ஈரம் என்றால் ஆட்களின் மூச்சும் நனைந்த துணியும் காரணம். மலையில் இது அடிக்கடி வரும். ஏசியைப் போட வேண்டும். ஏசி காற்றைக் குளிர்விக்கும்போதே அதன் ஈரத்தையும் எடுத்துவிடுகிறது, நமக்கு வேண்டியது அதுதான். குளிராக இருந்தால் சூட்டையும் சேர்த்து வைக்கலாம். உள் காற்றையே சுற்றவிடாமல் வெளிக்காற்று வரும்படி வைத்து, ஓர வென்ட்டுகளை ஜன்னல் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

வெளியே ஈரம் என்றால் ஏசிதான் காரணம். மழை நாளில் வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனிநிலை 24 டிகிரிக்கு மேல். உள்ளே ஏசி ஜில்லென்று ஓடி, வென்ட்டும் ஜன்னலைப் பார்த்து இருந்தால் ஜன்னல் 22 டிகிரிக்கு வந்துவிடும். ஐஸ் தண்ணி டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்குமே, அதே கதை. ஏசியைக் கொஞ்சம் ஏற்றி, வென்ட்டை ஜன்னலிலிருந்து திருப்பினால் சரியாகிவிடும். சமவெளியில் நமக்கு வருவது பெரும்பாலும் இந்த வகைதான்.

இன்னொன்று, கறுப்பு ஃபிலிம். பக்கக் கண்ணாடி குறைந்தது 50 சதவீத ஒளியை விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. கறுப்பு ஃபிலிம்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பும் சொன்னது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மழை இருட்டில் பாதி ஒளியை ஃபிலிம் தின்றுவிட்டால், மிச்சத்தை ஹீட்டரால் திருப்பித் தர முடியாது.

ஹீட்டர் இருந்தால்

இன்ஜினைப் போட்டதும் முதல் வேலையாகப் பொத்தானை அழுத்திவிடுங்கள். சீட் பெல்ட், போன், பையன் ஸ்கூல் பை என்று எல்லாம் ஏற்றி முடிப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போடுங்கள். துடைக்கும்போதே பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் போய்விடும், மீதி 0.1 கிராமுக்கு ஹீட்டர் ராஜா.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் கழித்து இரண்டு மிரரையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால், அந்த மிரர் எப்போதாவது உடைந்து மாற்றப்பட்டதா என்று யோசியுங்கள். குறுகலான சந்தில் மிரர் அடிபடுவது நம் ஊரில் சகஜம். மாற்றும்போது ஹீட்டர் இல்லாத சாதாக் கண்ணாடியை ஒட்டிவிட்டு, ஒயரை உள்ளே சும்மா விட்டுவிடுவதும் நடக்கிறது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. கண்ணாடி வாங்கும்போதே "பின்னாடி ரெண்டு முனை இருக்குதுங்ளா?" என்று கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும். குவிந்த மிரர் இருந்த இடத்தில் சமதளக் கண்ணாடியை ஒட்டவிடாதீர்கள், பார்க்கும் அகலமே பாதியாகிவிடும்.

ஹீட்டர் இல்லாவிட்டால்

நம் நாட்டுக் கார்களில் பெரும்பாலானவற்றில் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை, மேலே பார்த்த கணக்கே வழி சொல்கிறது.

ராத்திரி மிரர் வானத்தைப் பார்க்காமல் இருந்தால் பனி படியாது. கூரைக்குக் கீழே நிறுத்த முடியாவிட்டால் ஒரு பழைய துணிப்பையை மிரர் மேல் மாட்டிவிடுங்கள். அதுவே மிரருக்குக் கூரை. ஊட்டியில் ரூமுக்கு வெளியே காரை நிறுத்துகிறவர்களுக்கும் இது உதவும். மிரர் மடங்கும் என்றால் மடக்கி வைப்பதும் நல்லது.

துடைக்க எங்கள் பக்கத்தில் பனியன் வேஸ்ட்டைவிடச் சிறந்த பொருள் இல்லை. பருத்திப் பின்னல் துணி, தண்ணீரை உடனே உறிஞ்சும், கீறாது. ஒர்க்‌ஷாப்புகளில் எல்லாம் அதுதான். வலது கதவுப் பையில் ஒன்று, இடது கதவுப் பையில் ஒன்று. பனிக்குப் பனியன்!

தறி ஓடும் ஊர்களில் பஞ்சுத் தூசி மிரரிலும் படிந்திருக்கும். பனி அதன் மேல் படிந்து காய்ந்தால் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும். ஹீட்டர் தண்ணீரைத்தான் போக்கும், கறையைப் போக்காது. போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டாலும் உப்பு வெள்ளையாகப் படியும். நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்த துணியால் முடிக்க வேண்டும்.

உறைபனிக்குச் சுடுதண்ணீர் ஊற்றும் யோசனை மட்டும் வேண்டாம். பூஜ்யத்தில் இருக்கும் கண்ணாடியின் ஒரு இடம் மட்டும் திடீரென்று விரிந்தால் விரிசல் விடும். அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரே போதும். 1 கிராம் கட்டியை உருக்க 334 ஜூல்தானே, 20 டிகிரியில் இருக்கும் தண்ணீர் நாலு கிராம் குளிர்ந்தாலே அவ்வளவு சூடும் கிடைத்துவிடும். ஊற்றியதும் துடைத்துவிட வேண்டும், விட்டால் மறுபடி உறையும்.

அடைமழையில் ஹீட்டர் உள்ள காரும் இல்லாத காரும் ஒன்றுதான். அங்கே செய்ய வேண்டியது மூன்று. இண்டிகேட்டரை வழக்கத்தைவிட முன்னாலேயே போடுவது. திரும்புவதற்கு முன் கிட்டத்தட்ட நின்றுவிடுவது. இடது ஜன்னலை நாலு விரல் இறக்கி, நேராகப் பார்ப்பது. சீட் நனையும். பரவாயில்லை, வெயில் வந்தால் காய்ந்துவிடும். பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் "டூவீலர் வருதான்னு கொஞ்சம் பாரு கண்ணு" என்று கேட்டுவிடுங்கள். இன்னும் சுலபம்.